நாற்காலிச் சண்டையும் ஊர் திரும்பும் பெண்ணும்

2020 கோடையில் கொரோனாவுக்குப் பயந்து ஊரே கதவடைத்துக் கிடந்தபோது, தமிழ்நாட்டு வீடுகளில் அதிகம் அலசப்பட்டது இரண்டு நடிகைகளின் சண்டை. வனிதா விஜயகுமாரின் திருமணத்தைப் பற்றி லட்சுமி ராமகிருஷ்ணன் ட்விட்டரில் ஒரு கருத்துச் சொன்னார். ஒரு யூடியூப் சேனல் இருவரையும் ஒரே பேட்டியில் எதிரெதிரே நிறுத்தியது. பேட்டி ஏச்சுப் பேச்சில் முடிந்தது. லட்சுமி ராமகிருஷ்ணன் தரப்பிலிருந்து 1.25 கோடி ரூபாய் நஷ்டஈடு கேட்டு வக்கீல் நோட்டீஸ் போனது. வனிதா தரப்பிலிருந்து 2.5 கோடி கேட்டுப் பதில் நோட்டீஸ் வந்தது.

ஆளுக்கு ஒரு கட்சி கட்டிக்கொண்டு நாமும் ரசித்தோம். அந்தக் கூச்சலுக்குள் வனிதா கேட்ட ஒரு கேள்வி மட்டும் லேசில் தள்ளிவிடக் கூடியதல்ல. அடுத்தவர் குடும்பத்தில் பஞ்சாயத்துப் பண்ண உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்பதுதான் அதன் சாரம். ஜீ தமிழில் லட்சுமி ராமகிருஷ்ணன் நடத்திய குடும்பப் பஞ்சாயத்து நிகழ்ச்சியான 'சொல்வதெல்லாம் உண்மை' ஓடிய காலம் முழுக்க இந்தக் கேள்வி வேறு வேறு வாய்களிலிருந்து வந்துகொண்டே இருந்தது. கேட்டவர்களும் பிரபலங்கள், பதில் சொன்னவரும் பிரபலம். யாருடைய குடும்பத்தை நடுவில் வைத்துப் பேசினார்களோ அந்தப் பெண்ணை யாரும் கேட்கவில்லை. அவள் நிகழ்ச்சி முடிந்ததும் பஸ் ஏறி ஊருக்குப் போய்விட்டாள்.

அந்த ஊர் பெரியநாயக்கன்பாளையமாக இருக்கலாம். கோவைக்கு வடக்கே மேட்டுப்பாளையம் ரோட்டில், குருடிமலையைப் பார்த்தபடி இருக்கும் ஊர். நூற்பாலை இயந்திரங்கள் செய்யும் எல்.எம்.டபிள்யூ. ஆலையும், அவிநாசிலிங்கம் செட்டியார் வளர்த்த ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயமும் இதன் அடையாளங்கள். சுற்றிலும் லைன் வீடுகள். ஷிப்ட் முடிந்து வந்து, சோறு தின்று, அடுத்த வேலைக்கு எழுந்திருக்கும் முன் பெண்களுக்குக் கிடைக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் டி.வி. ஓடும். பகலில் போடும் பேச்சு நிகழ்ச்சிகளும், இரவு நிகழ்ச்சிகளின் மறுஒளிபரப்பும் இவர்களை நம்பித்தான் பிழைக்கின்றன. "பாவமுங்க அந்தப் புள்ள" என்பதும், "இவ சொல்றதுல ஏதோ இடிக்குதுங்கக்கா" என்பதும் ஒரே வீட்டில், ஒரே நிமிடத்தில் கேட்கும்.

இந்த நிகழ்ச்சிகளை ஏளனமாகப் பேசுகிறவர்கள், அவை ஏன் இப்படிப் பிடித்துப்போயின என்று யோசிப்பதில்லை. கொங்கு நாட்டில் குடும்பத் தகராறு வாசல்படி தாண்டினால் முதலில் மாமன் மச்சானிடம் போகும். அங்கே தீராவிட்டால் பங்காளிகளிடம். அதற்கும் மேலே ஊர்க்கவுண்டரும் கொத்துக்காரரும். அந்தக் கூட்டத்தில் பெண் வாயைத் திறந்ததில்லை. அவளுக்காக அப்பனோ அண்ணனோ பேசுவார். தீர்ப்பு சொல்கிறவரும் ஆண்தான். 1994-ல் வந்த 'நாட்டாமை' படம் இதை அப்படியே காட்டியது. சரத்குமார் திண்ணையில் தீர்ப்பு சொன்னார், அவர் மனைவியாக வந்த குஷ்பு வீட்டுக்குள் இருந்தார். இருபத்திரண்டு ஆண்டு கழித்து, 2016-ல், அதே குஷ்பு சன் டி.வி.யின் 'நிஜங்கள்' நிகழ்ச்சியில் தீர்ப்பு சொல்லும் நாற்காலியில் உட்கார்ந்தார். எதிரே ஒரு பெண் தன் வாயாலேயே தன் கதையைச் சொன்னாள். திண்ணையையே பார்த்து வளர்ந்த பெண்களுக்கு இது எத்தனை பெரிய விஷயம் என்பதை நகரத்து விமர்சகர்கள் கடைசிவரை புரிந்துகொள்ளவில்லை.

யார் உட்கார்ந்தாலும் அதே நாற்காலி

தமிழில் இந்த வகைக்கு வழி போட்டவர் நடிகை லட்சுமி. விஜய் டி.வி.யில் அவர் நடத்திய 'கதையல்ல நிஜம்' 2000-களின் தொடக்கத்தில் வந்தது. 2008-ல் தொடங்கிய ஜீ தமிழ், 2011-ல் 'சொல்வதெல்லாம் உண்மை'யைக் கொண்டுவந்தபோது, நீட்டி முழக்கிய வணக்கத்தால் வீடுதோறும் அறிமுகமாகியிருந்த செய்தி வாசிப்பாளர் நிர்மலா பெரியசாமியை உட்காரவைத்தது. பின்னால் லட்சுமி ராமகிருஷ்ணன் வந்தார். இடையில் சிறிது காலம் சுதா சந்திரன் நடத்தினார். மறுபடியும் லட்சுமி ராமகிருஷ்ணன்.

ஒருவர் போய் இன்னொருவர் வரும்போதெல்லாம் பத்திரிகைகள் தொகுப்பாளர்களுக்குள் பகை என்று எழுதின. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. மூன்று பெண்களும் மூன்று விதம். ஒருவர் செய்தித் தமிழ் பேசியவர், ஒருவர் நாட்டியத்திலிருந்து வந்தவர், ஒருவர் 'ஆரோகணம்' போன்ற படத்தை இயக்கியவர். அப்படியிருந்தும் நிகழ்ச்சியின் அச்சு கொஞ்சமும் மாறவில்லை. அழுகிற பெண், குற்றம் சாட்டப்பட்டவர் உள்ளே வரும் நொடி, இருவரும் எழுந்து நிற்கும் கைகலப்பு, விளம்பர இடைவேளை. ஜீ நிறுவனம் இதே அச்சைத் தெலுங்கிலும் கன்னடத்திலும் வார்த்தது. தெலுங்கு 'பதுக்கு ஜட்கா பண்டி'யில் சுமலதாவும் ஜீவிதாவும் உட்கார்ந்தார்கள், கன்னடத்தில் மாளவிகா அவினாஷ். மலையாளத்தில் அம்ருதா டி.வி. 'கதையல்லிது ஜீவிதம்' என்று விதுபாலாவை வைத்து நடத்தியது. நான்கு மொழியிலும் நாற்காலிக்குத் தேர்ந்தெடுத்தது முகம் தெரிந்த, அதட்டினால் எடுபடும் ஒரு பெண்ணை. அந்த முகத்துக்குப் பின்னால் இருந்தவர்கள் எந்த மொழியிலும் திரைக்கு முன் வரவில்லை.

அவர்கள் யார்? ஊர் ஊராகப் போன் போட்டு வழக்குப் பிடிக்கும் கன்டென்ட் டீம். பெண்ணிடம் முன்கூட்டியே பேசி, எந்த இடத்தில் அவள் உடைவாள் என்று குறித்துக்கொள்ளும் கோஆர்டினேட்டர். பி.சி.ஆர். எனப்படும் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து, தொகுப்பாளரின் காதில் மாட்டிய டாக்பேக் வழியே 'அதை மறுபடி கேளுங்க' என்று சொல்லும் இயக்குநர். மணிக்கணக்காகப் பதிவானதை வெட்டி ஒரு எபிசோடாக்கும் எடிட்டர். புரோமோவுக்கு எந்தப் பதினைந்து விநாடி என்று முடிவு செய்யும் சேனல்காரர்கள். இவர்கள் எல்லோருக்கும் மேலே வியாழக்கிழமைதோறும் வரும் பார்க் ரேட்டிங். தொகுப்பாளர் நிதானமாக, நல்ல யோசனையாக ஒன்று சொல்லியிருக்கலாம். அது எடிட் டேபிளைத் தாண்டி நம் வீட்டுக்கு வந்து சேரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

இந்த உள்ளறையைத் தமிழ் சினிமா இரண்டு முறை திறந்து காட்டியது. முதலாவது, 2017-ல் அருண் பிரபு புருஷோத்தமன் இயக்கிய 'அருவி'. அதில் வரும் 'சொல்வதெல்லாம் சத்யம்' எதைக் குறிக்கிறது என்று யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. லட்சுமி கோபாலஸ்வாமி தொகுப்பாளர், கவிதா பாரதி நிகழ்ச்சியின் இயக்குநர். கேமரா ஓடும்போது ஒரு குரல், நின்றதும் இன்னொரு குரல். தொகுப்பாளருக்கு இயக்குநர்மேல் எரிச்சல், இயக்குநருக்குத் தொகுப்பாளர்மேல் எரிச்சல், இரண்டு எரிச்சலும் வந்து இறங்கும் உதவி இயக்குநர்கள். அந்த உதவி இயக்குநர்களில் ஒருவனுக்குத்தான் எதிரே உட்கார்ந்திருப்பவள் ஒரு மனுஷி என்பது முதலில் உறைக்கிறது. அதிகாரம் குறையக் குறைய இரக்கம் கூடுகிறது என்று படம் அழுத்தமாகக் காட்டுகிறது. ஆனாலும் தியேட்டரில் எழுந்த சிரிப்பில் பாதிக்கு மேல் தொகுப்பாளர் தலையில்தான் விழுந்தது. சேனலின் முதலாளியைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.

இரண்டாவதைத் திறந்தவர் லட்சுமி ராமகிருஷ்ணனே. 2023-ல் அவர் இயக்கிய 'ஆர் யூ ஓகே பேபி?' படத்தில் 'சொல்லாததும் உண்மை' என்றொரு நிகழ்ச்சி வருகிறது, அதன் தொகுப்பாளராக அவரே நடித்தார். பெற்ற தாய்க்கும் வளர்த்த தாய்க்கும் நடுவில் ஒரு குழந்தை, அந்த வழக்கு ஸ்டூடியோவுக்கு வருகிறது. தன்னைத் தாக்கியவர்களுக்கு ஒரு தற்காப்பு வாதத்தோடு அவர் நிறுத்தியிருக்கலாம். அதற்குப் பதிலாக, நிகழ்ச்சி ஒரு குடும்பத்துக்குள் நுழையும்போது என்னவெல்லாம் கலைகிறது என்பதையும் படத்துக்குள் வைத்தார். இந்தத் துறையில் நாற்காலியில் உட்கார்ந்த ஒருவரே அந்த நாற்காலியைக் கேமராவுக்கு முன் நிறுத்தியது அபூர்வம். அதற்குரிய கவனத்தை நாம் கொடுக்கவில்லை. 'என்னம்மா இப்படிப் பண்றீங்களேம்மா' என்ற ஒரு வரியோடு அவரை முடித்துவிட்டோம். அந்த வரியை விஜய் டி.வி.யின் 'அது இது எது'வில் நகைச்சுவைக் கலைஞர் ராமர் கேலி செய்து புகழ்பெற்றார். 'ரஜினி முருகன்' அதையே பாட்டாக்கியது. ஒரு சேனலின் கண்ணீர் இன்னொரு சேனலுக்குச் சிரிப்பாகி, சினிமாவுக்கு வசூலானது. தன் வரி இப்படிக் கேலிப்பொருளானதை அவர் வெளிப்படையாகவே எதிர்த்தார். அந்தக் குரலையும் நாம் தமாஷாகத்தான் எடுத்துக்கொண்டோம்.

ஸ்ரீப்ரியா கேட்டது

2016-ல் குஷ்பு வந்த சூட்டோடு சண்டை பகிரங்கமானது. 'நிஜங்கள்' அரங்கில் ஒருவரின் சட்டையை அவர் பிடித்த காட்சி போன் போனாகப் பரவியது. குடும்ப வழக்குகளுக்கு நீதிமன்றம் இருக்கும்போது நடிகைகள் ஏன் தீர்ப்பு சொல்ல வேண்டும் என்று நடிகை ஸ்ரீப்ரியா கேட்டார். நடிகை ரஞ்சனியும் அதே குரலில் சேர்ந்துகொண்டார். எல்லாக் கதவையும் தட்டி ஓய்ந்தவர்கள்தான் எங்களிடம் வருகிறார்கள், நான் நீதிபதி இல்லை, அவர்களுக்கு ஒரு மேடை கொடுக்கிறேன் என்பது லட்சுமி ராமகிருஷ்ணன் தொடர்ந்து சொல்லிவந்த பதிலின் சாரம்.

நான் ஸ்ரீப்ரியா பக்கம்தான் அதிகம் சாய்கிறேன். குடும்ப நீதிமன்றச் சட்டம் 1984-லேயே வந்துவிட்டது. தரப்பினர் கேட்டால் விசாரணையை மூடிய அறையில் நடத்த வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. ஒரு தாம்பத்தியம் முறியும்போது பேசப்படுவதெல்லாம் ஊர் கேட்கத் தக்கதல்ல என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது. டி.வி. அரங்கம் நேர் எதிர்த் திசையில் நடந்தது. எதை மூட வேண்டுமோ அதைத்தான் புரோமோவில் போட்டது.

அதற்காக லட்சுமி ராமகிருஷ்ணன் சொன்னதைத் தூக்கிப் போட்டுவிட முடியாது. அரங்கத்தில் சந்தித்த மனிதர்கள் அவரை விட்டு அகலவில்லை என்பதற்கு 2016-ல் வந்த அவருடைய 'அம்மணி' படமே சாட்சி. கதவு தட்டி ஓய்ந்த பெண்கள் நிஜம். தமிழ்நாட்டில் 1992-லேயே அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் வந்துவிட்டன. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, ஒரு பெண்ணுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீல் கேட்கும் உரிமை உண்டு. ஆனால் மில்லில் அரை நாள் லீவு கேட்டு, டவுனுக்குப் பஸ் ஏறி, யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் திரும்பி வந்தவளுக்கு இவையெல்லாம் எட்டாத தூரத்தில்தான் இருந்தன. அவளுக்கு எட்டியது டி.வி. திரையின் அடியில் ஓடிய ஒரு போன் நம்பர்.

அமெரிக்காவின் பகல் நேர டி.வி.யில் சண்டையின் முகமே வேறு. பார்பரா வால்டர்ஸ் 1997-ல் ஏ.பி.சி.யில் தொடங்கிய 'தி வியூ'வில் ஒரே மேசையைச் சுற்றிப் பல பெண் தொகுப்பாளர்கள். 2006-ல் ஸ்டார் ஜோன்ஸ் தான் விலகப்போவதை நேரலையில் அறிவித்ததும் அவரை மறுநாளே வெளியேற்றினார்கள். 2007 மே மாதம் ஈராக் போரைப் பற்றி ரோஸி ஓ'டானலும் எலிசபெத் ஹாசல்பெக்கும் மோதிக்கொண்டபோது, கட்டுப்பாட்டு அறை திரையை இரண்டாகப் பிளந்து இருவர் முகத்தையும் ஒரே நேரத்தில் காட்டியது. அந்த சீசனில் அதற்குப் பின் ரோஸி திரும்பி வரவில்லை. இரண்டு தோழிகளின் சண்டையை யுத்தமாக்கியது உள்ளறையில் ஒருவர் அழுத்திய பொத்தான். அங்கே அடிபட்டவர்கள் தொகுப்பாளர்கள். கைநிறையச் சம்பளமும் பக்கத்தில் வக்கீலும் உள்ளவர்கள்.

விருந்தினர் அடிபட்டபோது கதையே வேறாக முடிந்தது. 1995-ல் 'ஜென்னி ஜோன்ஸ் ஷோ'வில் ஒருவர் தன் ரகசியக் காதலை இன்னொருவரிடம் மேடையில் சொன்னார். பதிவு முடிந்த மூன்றாம் நாள் சொன்னவர் சுட்டுக் கொல்லப்பட்டார். பிரிட்டனில் 2005 முதல் ஓடிய 'ஜெரமி கைல் ஷோ'வில் பொய் கண்டறியும் சோதனையில் தோற்றதாக அறிவிக்கப்பட்ட ஒருவர் சில நாளில் இறந்துபோக, 2019 மே மாதம் ஐ.டி.வி. நிகழ்ச்சியை ஒரேயடியாக நிறுத்தியது. நாடாளுமன்றக் குழு விசாரித்தது. 2021 முதல், பங்கேற்பவர்களின் நலனைக் காக்கும் பொறுப்பு சேனலுக்கே என்று அங்குள்ள ஒளிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் விதி கொண்டுவந்தது. என்ன ஆபத்து வரலாம் என்பதைப் பதிவுக்கு முன்பே விளக்க வேண்டும் என்பதும் அதில் அடக்கம்.

ஞாயிறு மதியம்

கண்ணீர் நிகழ்ச்சிகள் ஓய்ந்த இடத்தை இன்று விவாத நிகழ்ச்சிகள் பிடித்திருக்கின்றன. ஞாயிறு மதியம் ஒரு பக்கம் விஜய் டி.வி.யின் 'நீயா நானா', இன்னொரு பக்கம் ஜீ தமிழின் 'தமிழா தமிழா'. 2006-ல் தொடங்கிய 'நீயா நானா'வின் முகம் கோபிநாத். அதை உருவாக்கி இயக்கும் ஆண்டனியின் பெயர் ஓரளவாவது வெளியே தெரிவது இத்துறையில் ஆரோக்கியமான விதிவிலக்கு. 2018-ல் வந்த 'தமிழா தமிழா'வை நடத்திய இயக்குநர் கரு. பழனியப்பன் 2023-ல் விலகினார். சமூக நீதி, சுயமரியாதை, திராவிடம் ஆகியவற்றைப் பேச முடியாத இடத்தில் நீடிக்க முடியாது என்ற பொருள்பட அவர் வெளியிட்ட அறிவிப்பைப் படித்தவர்களுக்கு, தொகுப்பாளர் நாற்காலியின் எல்லை எதுவரை என்பது புரிந்திருக்கும். ஆவுடையப்பன் வந்தார். நிகழ்ச்சி ஒரு வாரம்கூடத் தடுமாறியதாகத் தெரியவில்லை.

அவர் தன் காரணத்தை ஊரறியச் சொல்லிவிட்டு வெளியேற முடிந்தது. எதிரே உட்கார்ந்து பேசியவர்களுக்கு அந்த வசதி இல்லை. 2025-ல் தெருநாய்கள் குறித்த 'நீயா நானா' விவாதத்துக்குப் பின், பேசியதை வெட்டிவிட்டார்கள் என்று கலந்துகொண்டவர்களிடமிருந்தே புகார் வந்தது. அதுகூட, பேசியவர்களில் ஒருவர் நடிகை என்பதால் வெளியே கேட்டது.

குடும்பத் தகராறு டி.வி.யில் வருவது கொங்கு நாட்டில் வெறும் வருத்தத்தோடு நிற்காது. 2016 மார்ச் 13-ஆம் தேதி உடுமலைப்பேட்டை பஸ் நிலையத்தருகே பட்டப்பகலில் சங்கர் என்ற இளைஞரை வெட்டிக் கொன்றார்கள். சாதி மாறிக் கல்யாணம் செய்ததுதான் காரணம். அதற்கு முந்தைய ஆண்டு கோகுல்ராஜ் என்ற இளைஞர் கொல்லப்பட்டதும் சாதியின் பெயரால்தான். இந்த மண்ணில் ஓடிப்போய்க் கல்யாணம் செய்த ஒரு ஜோடியையும் பெற்றவர்களையும் ஒரே அரங்கில் எதிரெதிரே உட்காரவைத்து, 'அப்பா கால்ல விழும்மா' என்று சமாதானம் செய்து அனுப்புவது எவ்வளவு பெரிய விளையாட்டு! அரங்கில் கைகொடுத்துவிட்டுப் போன மாமன் மச்சான், ஊரில் நாலு பேர் நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு வந்து கேட்டதும் வேறு ஆளாகிவிடுவார். அவமானம் குடும்பத்துக்குள் நடந்தவரை பொறுத்துக்கொண்டவர்கள், அது ஒளிபரப்பானதும் பொறுக்க மாட்டார்கள். தொகுப்பாளர் கருணையானவரா கண்டிப்பானவரா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஒளிபரப்பே ஆபத்து.

2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. 2018 ஜூனில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 'சொல்வதெல்லாம் உண்மை'க்கு இடைக்காலத் தடை போட்டது. அந்த ஆண்டோடு நிகழ்ச்சி முடிவுக்கு வந்தது. பின்னர் கலைஞர் டி.வி.யில் 'நேர்கொண்ட பார்வை' என்று லட்சுமி ராமகிருஷ்ணன் வேறொரு நாற்காலியில் உட்கார்ந்தார். நிர்மலா பெரியசாமி அரசியலுக்குப் போனார். குஷ்புவும் அரசியலில் இருக்கிறார். தொகுப்பாளர்கள் எல்லோருக்கும் அடுத்த இடம் கிடைத்துவிட்டது.

எதிரே உட்கார்ந்தவர்களுக்கு? அவர்களுடைய எபிசோடுகள் யூடியூபில் அப்படியே கிடக்கின்றன. 2013-ல் அம்மாவின் மடியில் உட்கார்ந்து மிரண்டு பார்த்த ஐந்து வயதுப் பெண் குழந்தை இன்று கல்லூரிக்குப் போகும் வயதில் இருப்பாள். பெரியநாயக்கன்பாளையத்திலோ காரமடையிலோ அவளுக்கு வரன் பார்க்கத் தொடங்கும்போது, உறம்பரை, அதாவது உறவுக்காரர்கள், முதலில் செய்வது விசாரிப்பதுதான். விசாரிப்பு இப்போது போனில் நடக்கிறது. அம்மா பெயரையும் ஊர்ப் பெயரையும் சேர்த்துத் தேடினால் கிடைத்துவிடும். நிகழ்ச்சிக்குச் சம்மதித்துத் தாய் என்றோ கையெழுத்துப் போட்ட ஒரு காகிதம், அப்போது ஏதும் புரியாத மகளையும் கட்டிப்போட்டிருக்கிறது.

சேனல்கள் இதை நாளைக்கே சரிசெய்ய முடியும். நிகழ்ச்சியில் கலந்துகொண்ட யாரும், அல்லது அதில் காட்டப்பட்ட குழந்தை வயதுக்கு வந்த பின், எழுதிக் கேட்டால் அந்த எபிசோடை நீக்க வேண்டும். காரணம் கேட்கக் கூடாது. கேட்பதற்கான முகவரி தமிழில், ஒவ்வொரு வீடியோவுக்கும் கீழே இருக்க வேண்டும். லட்சுமி ராமகிருஷ்ணனும் குஷ்புவும் நிர்மலா பெரியசாமியும் தங்களுக்குள் எத்தனை பிணக்கு இருந்தாலும், இந்த ஒரு கோரிக்கையைச் சேர்ந்து வைத்தால் எந்த சேனலாலும் மறுக்க முடியாது. மறுத்தால் அப்போது தொடுக்கட்டும் வழக்கு. கோடிகளில் நஷ்டஈடு கேட்கத் தெரிந்தவர்களுக்கு அந்த வழக்கை நடத்தவும் தெரியும்.